முதல் தவறு எலும்பில் நேரட்டும்



ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே கிடக்கும் நீண்ட பெஞ்சில்தான் ஆஸ்பத்திரிப் போதகர்களாகிய எங்கள் ஊழியத்தின் பெரும்பகுதி நடக்கிறது. அங்கே நாங்கள் பேசுவது குறைவு, கேட்பதுதான் அதிகம். ஒருநாள் காலை அந்தப் பெஞ்சில் ஒரு தாயார் உட்கார்ந்திருந்தார். அவருடைய பதினொரு வயது மகளை அப்போதுதான் உள்ளே கொண்டுபோயிருந்தார்கள்.

மூன்று ஆண்டுகளாக அந்தச் சிறுமியின் இடது காதில் சீழ் வடிந்துகொண்டிருந்தது. துர்நாற்றம் தாங்காமல் வகுப்பில் பக்கத்தில் உட்காரப் பிள்ளைகள் மறுத்தார்கள். பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றினார்கள். மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டார்கள். நாளடைவில் அந்தக் காது கேட்பதும் குறைந்துபோயிற்று. கடைசியில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, சீழ் காதோடு நிற்கவில்லை, உள்ளே எலும்பையும் அரித்திருக்கிறது என்று ஸ்கேன் காட்டியது.

ஜெபம் செய்யட்டுமா என்று நாங்கள் கேட்டோம். அந்தத் தாயார் தலையசைத்தார். ஜெபித்து முடித்ததும் எங்களைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "ஐயா, பெரிய டாக்டர்கூட ஒரு சின்ன டாக்டரம்மா உள்ள போனாங்களே, அவங்க இன்னும் படிக்கிறவங்களாம். எம் புள்ள காதுலயா படிக்கப் போறாங்க?"

நியாயமான கேள்வி. எங்களுக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. "பெரிய டாக்டர் பக்கத்திலேயே இருப்பார், பயப்படாதீர்கள் அம்மா" என்று மட்டும் சொன்னோம். ஆனால் கேள்வி மனதைவிட்டு அகலவில்லை. மறுநாள் காது மூக்கு தொண்டைப் பிரிவின் மூத்த மருத்துவரிடம் இதைச் சொன்னபோது, அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "வாங்க ஐயா, காட்டுகிறேன்" என்று கீழ்த்தளத்திலுள்ள ஒரு சிறு அறைக்கு எங்களை அழைத்துக்கொண்டு போனார். அங்கே நாங்கள் கண்டதையும் அதன் பின் விசாரித்து அறிந்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். நீங்கள் அனுப்பும் காணிக்கையில் கருவிகளும் கட்டிடங்களும் உருவாவதை நீங்கள் அறிவீர்கள். ஒரு மருத்துவருடைய கை எப்படி உருவாகிறது என்பதைப் பற்றி நாங்கள் இதுவரை எழுதியதில்லை.

ஒரு கைப்பிடி எலும்பு

நம் காதைச் சுற்றி மண்டையின் பக்கவாட்டில் அமைந்திருப்பது பொட்டெலும்பு. கையில் எடுத்தால் கைப்பிடிக்குள் அடங்கிவிடும். ஆனால் உடம்பிலேயே மிகச் சிக்கலான எலும்பு இதுதான் என்று மருத்துவர்கள் சொல்லுகிறார்கள். செவிப்பறைக்கு அப்பால் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று சின்னஞ்சிறு எலும்புகள் சங்கிலிபோல் கோக்கப்பட்டிருக்கின்றன. இவற்றில் அங்கவடி எலும்பின் உயரம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான். மனித உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு அது. அதற்கும் உள்ளே, இரண்டரைச் சுற்றுச் சுற்றிய நத்தைக்கூடு போன்ற கேட்கும் உறுப்பும், நாம் தள்ளாடாமல் நிற்க உதவும் மூன்று அரைவட்டக் குழாய்களும் இருக்கின்றன.

இந்த எலும்பின் அக்கம்பக்கத்தார் யார் என்று பாருங்கள். மேலே, மெல்லிய எலும்புத் தகடு ஒன்றுக்கு அப்பால் மூளை. பின்னால், மூளையிலிருந்து இரத்தத்தைக் கீழே கொண்டுவரும் பெரிய நாளம். முன்னால், மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனி. இவற்றுக்கு நடுவே, எலும்புக்குள்ளேயே ஒரு குடைவழியில் வளைந்து நெளிந்து போகிறது முக நரம்பு. நாம் சிரிப்பதும், கண்ணை மூடுவதும், வாயில் தண்ணீரை நிறுத்திக் கொப்பளிப்பதும் அந்த ஒரு நரம்பினால்தான். அது அறுந்தால் முகத்தில் ஒரு பாதி தொங்கிவிடும்.

அந்தச் சிறுமிக்கு வந்திருந்த நோயின் பெயர் கொலஸ்டியாடோமா. அது புற்றுநோய் அல்ல. வெளியே இருக்கவேண்டிய தோல், செவிப்பறை வழியாக உள்ளே புகுந்து, பைபோல வளர்ந்து, உதிர்ந்த தோலைத் தன்னுள்ளே சேர்த்துக்கொண்டே போகும். அது பெருக்கப் பெருக்கச் சுற்றியுள்ள எலும்பை அரிக்கும். முதலில் அந்த மூன்று சிற்றெலும்புகள் கரையும். பிறகு முக நரம்போ, அரைவட்டக் குழாயோ, மூளையை மூடியிருக்கும் தகடோ பாதிக்கப்படலாம். மூளைக்காய்ச்சலும், மூளையில் சீழ்க்கட்டியும் இப்படி வருவதுண்டு. சொட்டு மருந்தினால் இந்தப் பை கரையாது. காதுக்குப் பின்னாலுள்ள எலும்பைக் குடைந்து அதை முழுமையாக வெளியே எடுப்பதுதான் வழி. அப்படிக் குடைகிற கை, மேலே சொன்ன அக்கம்பக்கத்தார் ஒருவரையும் தொட்டுவிடக் கூடாது.

கோப்பன்ஹேகனில் நடந்தது

தெரியாத கை இந்த எலும்பைத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரத்தில் ஓர் உதாரணம் உண்டு. 1776-ஆம் ஆண்டு பிரஷ்யப் படையைச் சேர்ந்த ஜாஸர் என்ற வைத்தியர், காதுக்குப் பின்னால் சீழ் கட்டிய ஒரு போர்வீரனின் எலும்பைத் திறந்து குணமாக்கினார். செய்தி பரவியது. சீழுக்காகச் செய்த அறுவையைக் காது மந்தத்துக்கும் இரைச்சலுக்கும்கூடச் செய்து பார்க்கலாம் என்று சிலர் துணிந்தார்கள். டென்மார்க் அரசரின் வைத்தியராகிய பெர்கர் என்பவருக்கு அந்தத் தொல்லைகள் இருந்தன. அவர் தாமே இந்த அறுவையை விரும்பிக் கேட்டுக்கொண்டார். 1791-ல் அது செய்யப்பட்டது. சில நாட்களுக்குள் மூளை உறையில் நோய் தாக்கி அவர் இறந்துபோனார்.

அரச வைத்தியரே மாண்டார் என்றதும் ஐரோப்பா முழுவதும் இந்த அறுவையைக் கைவிட்டது. 1873-ல் ஜெர்மனியின் ஹாலே நகரைச் சேர்ந்த ஷ்வார்ட்ஸே, எந்த நோயாளிக்கு இதைச் செய்யலாம், எப்படிச் செய்யவேண்டும் என்று ஒழுங்காக எழுதி வெளியிடும்வரை ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் இந்தக் கதவு மூடியே கிடந்தது. அந்த எண்பது ஆண்டுகளில் காதில் சீழ் வந்து மூளைவரை பரவி இறந்த பிள்ளைகள் எத்தனை பேரோ! ஒரு மருத்துவர் கற்காமல் செய்யும் தவறு, அவர் முன்னால் படுத்திருக்கும் நோயாளியை மட்டுமல்ல, பின்னால் வரவிருக்கும் நோயாளிகளையும் பாதிக்கிறது என்பதை இதிலிருந்து நாங்கள் அறிந்துகொண்டோம்.

ஷ்வார்ட்ஸே காலத்தில் உளியும் சுத்தியலும்தான் கருவிகள். 1921-ல் ஸ்டாக்ஹோமில் நைலேன் என்ற மருத்துவர் காது அறுவைக்கு முதன்முதலாக மைக்ராஸ்கோப்பைப் பயன்படுத்தினார். 1953-ல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் அறுவைக்கென்றே ஒரு மைக்ராஸ்கோப்பை வெளியிட்டது. உளி போய், வேகமாகச் சுழலும் துளைக்கருவி வந்தது. கருவிகள் நுட்பமாக ஆக, அவற்றைப் பிடிக்கும் கைகளுக்கும் நீண்ட பயிற்சி தேவைப்பட்டது.

முட்டை, ஆட்டுத்தலை, எலும்பு

இப்போது அந்தச் சிறு அறைக்கு வருவோம். ஒரு மேஜை, பழைய மைக்ராஸ்கோப் ஒன்று, சுழலும் துளைக்கருவி, தண்ணீர் சொட்டும் குழாய், எலும்பைப் பிடித்து நிறுத்த ஒரு கிண்ணம். அவ்வளவுதான்.

பயிற்சி கோழிமுட்டையிலிருந்தும் தொடங்கலாம் என்று மருத்துவர் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. பச்சை முட்டையின் ஓட்டைத் துளைக்கருவியால் தேய்த்து எடுக்கவேண்டும். ஆனால் ஓட்டுக்கு அடியிலுள்ள மெல்லிய சவ்வு கிழியக் கூடாது. கிழிந்தால் வெள்ளைக்கரு வழிந்து குட்டை வெளிப்படுத்திவிடும். மூளையின் உறைமீதும் முக நரம்பின்மீதும் முட்டையோடு போன்ற மெல்லிய எலும்பை மட்டும் விட்டுவைக்கக் கை இப்படிப் பழகுகிறது. அடுத்து, கசாப்புக் கடையிலிருந்து வாங்கி வந்த ஆட்டுத்தலை. ஆட்டின் காதிலும் செவிப்பறையும் சிற்றெலும்புகளும் உண்டு. மைக்ராஸ்கோப்பின் கீழே நுண்கருவிகளைப் பிடித்துப் பழக அது உதவும்.

கடைசியாக மனித எலும்பு. உடலைத் தானமாக எழுதிவைத்தவர்களிடமிருந்து மருத்துவக் கல்லூரிக்கு வருவது அது. ஓர் உடலில் இரண்டே பொட்டெலும்புகள். ஒருமுறை குடைந்த எலும்பைத் திரும்ப நிரப்ப முடியாது. ஆகையால் ஒவ்வோர் எலும்பையும் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, அவசரமில்லாமல் குடைகிறார்கள்.

கையோடு கண்ணும் காதும் அங்கே பழகுகின்றன. எலும்பு மெலிந்து பெரிய இரத்தநாளத்தை நெருங்கும்போது உள்ளே நீலம் தெரியும். மூளையின் உறையை நெருங்கும்போது இளஞ்சிவப்பாகத் தெரியும். தகடு மெலிய மெலியத் துளைக்கருவியின் ஓசை மாறும். நரம்பின் அருகே போகும்போது கூரிய முனையைக் கழற்றிவிட்டு, மெதுவாகத் தேய்க்கும் வைரத்தூள் பதித்த முனையை மாட்டவேண்டும். சூட்டினால் நரம்பு வாடாதபடி தண்ணீர் இடைவிடாமல் ஓடவேண்டும். இவற்றையெல்லாம் ஒருவர் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் கை அதைத் தானே செய்துதான் கற்கவேண்டும்.

அலமாரியில் ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. அதில் பாதி குடைந்த ஓர் எலும்பு. "இது அந்தச் சின்ன டாக்டர் குடைந்த முதல் எலும்பு ஐயா. இதோ, இந்த இடத்தில் முக நரம்பை அறுத்துவிட்டார்" என்று மூத்த மருத்துவர் காட்டினார். அந்த டாக்டரம்மா அன்று இரவு சாப்பிடவில்லையாம். அந்த எலும்பை எறியவேண்டாம், நான் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கினாராம். அதன் பிறகு மேலும் பல எலும்புகளைக் குடைந்து, நரம்பைத் தொடாமல் முடிக்கப் பழகிய பின்புதான், தியேட்டரில் மூத்தவருக்கு உதவியாக நிற்க அனுமதி கிடைத்தது. அங்கும் முதலில் சில எளிய படிகளை மட்டுமே செய்யக் கொடுப்பார்கள். "முதல் தவறு எல்லோருக்கும் வரும் ஐயா. அது இந்த அறையில் எலும்பில் வந்துவிட்டால், மாடியில் பிள்ளையிடம் வராது" என்றார் அவர். அந்தத் தாயாருக்கு நாங்கள் சொல்லவேண்டிய பதில் அதுதான்.

விலையில்லாமல் வந்த புத்தகம்

மைக்ராஸ்கோப்பின் பக்கத்தில் கம்ப்யூட்டரிலிருந்து அச்செடுத்துத் தைத்த ஒரு புத்தகம் விரிந்து கிடந்தது. வெளிநாட்டு அறுவைப் புத்தகங்களின் விலை நம் பயிற்சி மருத்துவர்களுக்கு எட்டாதது என்பது தெரிந்ததே. ஆனால் இது விலை கொடுத்து வாங்கியதல்ல. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் காது மூக்கு தொண்டைப் பிரிவின் பேராசிரியராக இருந்த ஜோஹன் ஃபேகன், 2010-களில் தொகுத்து வெளியிட்ட அறுவை மருத்துவப் படத்தொகுப்பு இது. அவர் பணியாற்றிய க்ரூட் ஸ்கூர் ஆஸ்பத்திரியை உங்களில் பலர் வேறொரு காரணத்துக்காக அறிந்திருப்பீர்கள். 1967 டிசம்பரில் டாக்டர் பர்னார்ட் உலகின் முதல் இருதய மாற்று அறுவையைச் செய்தது அங்கேதான்.

ஆப்பிரிக்காவில் காது மூக்கு தொண்டை மருத்துவர்களும் அவர்களைப் பயிற்றுவிக்கும் இடங்களும் எவ்வளவு குறைவு என்பதை ஃபேகனும் அவருடைய சகாக்களும் கணக்கெடுத்து 2009-ல் வெளியிட்டார்கள். அந்தக் குறைவை அறிந்தவர் தொகுத்த புத்தகம் ஆதலால், வசதி குறைந்த ஆஸ்பத்திரியில் நிற்கும் மருத்துவரையும் அது மறக்கவில்லை. பல நாட்டு நிபுணர்கள் அத்தியாயங்களை எழுதியிருக்கிறார்கள். காது எலும்பு மட்டுமல்ல, மூச்சுக்குழாயில் துளையிடுதல், தைராய்டு அறுவை, குரல்வளைப் புற்றுநோய்க்கான அறுவை, கழுத்து நெறிக்கட்டிகளை அகற்றுதல் என்று தலை, கழுத்து அறுவைகள் பலவும் படிப்படியாகப் படத்தோடு விளக்கப்பட்டுள்ளன. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், அச்சடிக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம். எழுதியவர் பெயரைச் சொல்லவேண்டும், விற்று லாபம் பார்க்கக் கூடாது என்பதே நிபந்தனை.

நம் ஊரிலும் இதே மனதுடையவர்கள் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் காது மூக்கு தொண்டைப் பேராசிரியராகப் பணியாற்றிய டாக்டர் பாலசுப்பிரமணியன் தியாகராஜன், தம் பாடக் குறிப்புகளையும் படங்களையும் மாணவர் எவரும் இலவசமாகப் படிக்கும்படி பல ஆண்டுகளாக வெளியிட்டார். தெரிந்ததைப் பூட்டிவைத்திருந்தால் இவர்களுக்கு ஆதாயம் கிடைத்திருக்கலாம். எங்களைப் போன்ற ஆஸ்பத்திரிகளுக்கோ அந்தப் பக்கங்கள் கிடைத்திருக்காது.

மீண்டும் கோப்பன்ஹேகன்

எலும்பு எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. ஆகவே கம்ப்யூட்டரில் பழகும் முறைகளும் வந்துள்ளன. அவற்றில் ஒன்றைப் பற்றிக் கேட்டபோது எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. டென்மார்க்கில், பெர்கர் இறந்த அதே நாட்டில், கோப்பன்ஹேகன் மருத்துவர்கள் மனிதப் பொட்டெலும்பு ஒன்றை உறையவைத்து, மிக மெல்லிய சீவல்களாகச் சீவி, ஒவ்வொன்றையும் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் அடுக்கினார்கள். அந்தப் படத்தொகுப்பு 2002-ல் வெளிவந்தது. பிறகு அதைக்கொண்டு, திரையில் தெரியும் எலும்பைக் கையால் குடைந்து பழகும் ஒரு சாதனத்தையும் உருவாக்கி, அதையும் இலவசமாகவே கொடுத்தார்கள். தவறினால் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். எண்பது ஆண்டுகள் கதவை மூடிய ஊரிலிருந்தே கற்பவர்களுக்கு ஒரு திறந்த வாசல்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருப்பதும் ஒரு மனிதருடைய எலும்புதான். முட்டையிலிருந்து கம்ப்யூட்டர்வரை எத்தனை வழி வந்தாலும், முகம் தெரியாத யாரோ ஒருவருடைய உடல் இல்லாமல் இந்தப் படிப்பு முழுமையடைவதில்லை.

எங்களிடம் கேட்கப்படும் கேள்வி

இதனால் ஒரு விஷயத்தை நாங்கள் பேசியே ஆகவேண்டியிருக்கிறது. உடல் தானம் என்றவுடன் சபையில் பலர் தயங்குகிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எங்களிடம் வந்து, "எனக்கு விருப்பம்தான் ஐயா. ஆனால் உயிர்த்தெழுதல் நாளில் என் சரீரம் குறையாக இருக்குமோ என்று என் அண்ணன் பயப்படுகிறார்" என்றார்.

அந்தப் பயத்தை நாங்கள் ஏளனம் செய்யவில்லை. கல்லறையை மதித்து வளர்ந்தவர்கள் நாங்களும். ஆனால் கடலில் மூழ்கியவர்களையும், தீயில் வெந்தவர்களையும், மிருகங்களுக்கு இரையான இரத்தசாட்சிகளையும் ஆண்டவர் மறந்துவிடுவார் என்று சபை ஒருநாளும் போதித்ததில்லை. பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு உயிர்த்தெழுதலைப் பற்றி எழுதியபோது விதையை உவமையாக எடுத்தார். விதை அப்படியே திரும்பி வருவதில்லை என்பது உழுகிறவனுக்குத் தெரியும். இதைத்தான் அந்த அண்ணனிடமும் போய்ச் சொன்னோம். அவர் உடனே சம்மதிக்கவில்லை, யோசிக்கிறேன் என்றார். நாங்கள் வற்புறுத்தவும் இல்லை. ஏனென்றால் இது மனமுவந்து கொடுக்கவேண்டிய காணிக்கை.

விருப்பமுள்ளவர்கள் ஒன்றைச் செய்யுங்கள். காகிதத்தில் எழுதி வைப்பதோடு நிறுத்தாமல் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். மரித்தபின் உடலைக் கொண்டுபோய் ஒப்படைக்கப் போகிறவர்கள் உங்கள் பிள்ளைகள்தான்.

ஊரிலேயே தொடங்கும் படிப்பு

அறுவையைக் கற்பிப்பது மட்டும் போதாது. அந்தச் சிறுமி மூன்று ஆண்டுகள் முன்னதாக வந்திருந்தால் பாதிப்பு இவ்வளவு ஆகியிருக்காது. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 43 கோடிப் பேருக்குக் கேட்கும் திறன் குறைவினால் சிகிச்சையோ மறுவாழ்வு உதவியோ தேவைப்படுகிறது. அவர்களில் 3 கோடியே 40 லட்சம் பேர் பிள்ளைகள். கிராம சுகாதார ஊழியர்களுக்கும் பொது மருத்துவர்களுக்கும் காதைப் பரிசோதிக்கக் கற்பிக்கும் கையேடுகளை அதே நிறுவனம் 2006-ல் வெளியிட்டு, 2023-ல் புதுப்பித்திருக்கிறது.

அதன் சாரம் எளியது. வடியும் காதில் எண்ணெயோ மூலிகைச் சாறோ ஊற்றாதீர்கள். ஊக்கு, குச்சி எதையும் விடாதீர்கள். பிள்ளையின் காதில் சீழ் நிற்காமல் வடிந்தாலும், முக்கியமாக நாற்றமடித்தாலும், உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வாலிபர் சங்கத்திலும் ஞாயிறு பள்ளியிலும் இதைச் சொல்லுங்கள்.

அந்தச் சிறுமியைப் பற்றிக் கேட்பீர்கள். அறுவை நான்கு மணி நேரம் நடந்தது. பையை முழுவதும் எடுத்துவிட்டார்கள். கட்டுப் பிரித்த அன்று மூத்த மருத்துவர், "கண்ணை இறுக்கி மூடு, பல்லைக் காட்டிச் சிரி" என்றார். இரண்டு பக்கமும் சமமாகச் சிரித்தாள். அந்தக் காதில் கேட்கும் திறன் முழுவதும் திரும்பவில்லை; அரித்துப்போன சிற்றெலும்புகளுக்காகப் பிறகு இன்னொரு அறுவை தேவைப்படலாம். ஆனால் காது உலர்ந்துவிட்டது. பள்ளியில் பக்கத்தில் பிள்ளைகள் உட்காருகிறார்கள்.

வீட்டுக்குப் புறப்படுமுன் அந்தத் தாயாரை நாங்கள் கீழ்த்தளத்து அறைக்கு அழைத்துப்போய் ஜாடியைக் காட்டினோம். டாக்டரம்மாவும் அங்கே இருந்தார். தாயார் வெகுநேரம் அந்த எலும்பைப் பார்த்தார். "இது யாரு பெத்த புள்ளையோ" என்று சொல்லி, ஜாடியைத் தொட்டுக் கும்பிட்டார்.

உங்கள் ஜெபங்களை நாடும்,
ஆஸ்பத்திரிப் போதகர்